கரைசலில் இருக்கும் புரதத்தை எக்ஸ்-கதிரால் அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புரதம், ஆர்என்ஏ போன்ற மூலக்கூறுகளைப் படிகமாக்காமலும் உறைய வைக்காமலும், அவை வேலை செய்யும் நீர்க்கரைசலிலேயே வைத்து அளவையும் வடிவத்தையும் அறிய உதவுவது சிறுகோண எக்ஸ்-கதிர்ச் சிதறல். ஆய்வகப் பேச்சில் 'சாக்ஸ்'. தங்கள் புரதத்தை முதன்முதலாக இந்த அளவீட்டுக்கு எடுத்துப் போகவிருக்கும் மாணவர்களை நினைத்து இந்தப் பக்கத்தை எழுதியிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு வடிவத்தை 'இதுதான்' என்று நிறுவுவதைவிட, 'இது இல்லை' என்று மறுப்பதில்தான் இந்த முறை வல்லது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், கீழே வரும் எச்சரிக்கைகள் எதற்காக என்பது தெரியும்.

சாக்ஸில் என்னதான் நடக்கிறது?

ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள், அதாவது கேபிலரிக்குள், புரதக் கரைசல் இருக்கும். ஒரே அலைநீளம் கொண்ட எக்ஸ்-கதிர் அதன் குறுக்கே பாயும். பெரும்பகுதி நேராக வெளியேறிவிடும். மிகச் சிறு பங்கை மட்டும் மூலக்கூறுகளிலுள்ள எலக்ட்ரான்கள் கொஞ்சம் திசை மாற்றிவிடும். எந்தக் கோணத்தில் எவ்வளவு திரும்பியது என்பதை எதிரே உள்ள டிடெக்டர் பதிவு செய்யும்.

கரைசலில் மூலக்கூறுகள் எல்லாத் திசைகளையும் பார்த்தபடி சுழன்றுகொண்டிருக்கின்றன. அதனால் படிகத்தில் கிடைப்பதுபோல் தனித்தனிப் புள்ளிகள் கிடைக்காது. நேர்க்கதிரைச் சுற்றி வட்டமாகப் பரவி, வெளியே போகப் போக மங்கும் ஒரு ஒளிர்வு மட்டுமே கிடைக்கும். அதை வட்டவாக்கில் சராசரி எடுத்தால் மிஞ்சுவது ஒற்றை வளைகோடு: கிடையச்சில் கோணத்தைக் குறிக்கும் 'க்யூ', நிலையச்சில் சிதறலின் செறிவு. பிறகு செய்யும் எல்லாக் கணக்கும் இந்த ஒரு கோட்டிலிருந்துதான்.

ஏன் 'சிறு' கோணம்?

கோணமும் நீளமும் எதிரெதிராகப் போகும். பெரிய அமைப்புகளைப் பற்றிய செய்தி சிறிய கோணத்தில் இருக்கிறது. 'க்யூ' என்பது 4 பையை (π) சிதறல் கோணத்தின் பாதியின் சைனால் பெருக்கி, அலைநீளத்தால் வகுத்த அளவு. 2 பையை அதனால் வகுத்தால் அந்த இடத்தில் நாம் எந்த நீளத்தைப் பார்க்கிறோம் என்பது தோராயமாகக் கிடைக்கும். அலைநீளம் 0.1 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 60 நானோமீட்டர் நீளத்தைப் பற்றிய செய்தி சுமார் 0.095 டிகிரியில் வருகிறது. டிடெக்டரை 3 மீட்டர் தள்ளி வைத்தாலும், அந்தக் கதிர் நேர்க்கதிரிலிருந்து சுமார் 5 மில்லிமீட்டர்தான் விலகியிருக்கும். பக்கத்திலேயே பல கோடி மடங்கு பலத்தோடு நேர்க்கதிர் வந்துகொண்டிருக்கும். அதைத் தடுக்க ஒரு சிறு உலோகத் துண்டை நடுவில் நிறுத்துவார்கள். கருவியின் விலையும் நுட்பமும் பெரும்பாலும் இந்த இடத்தைச் சுத்தமாக வைத்திருப்பதில்தான் இருக்கின்றன.

படிகவியலும் கிரையோ-எலக்ட்ரான் நுண்ணோக்கியும் இருக்கும்போது இது எதற்கு?

இதற்குக் கால்மோடுலினைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. செல்லுக்குள் கால்சியத்தின் அளவு ஏறியதை மற்றப் புரதங்களுக்குத் தெரிவிக்கும் சிறிய புரதம் அது. 148 அமினோ அமிலங்கள், நான்கு கால்சியம் அயனிகளுக்கு இடம். 1985இல் அதன் படிக அமைப்பு வெளிவந்தது. இரண்டு உருண்டையான பகுதிகள், நடுவே அவற்றை இணைக்கும் நீண்ட, நேரான ஹீலிக்ஸ், அதாவது சுருள். உருண்டைகள் ஒன்றையொன்று தொடாமல் விலகி நின்றன.

அதே காலத்தில் கரைசலில் எடுத்த சிதறல் தரவு இந்தப் படத்தோடு சரியாகப் பொருந்தவில்லை. ஜில் ட்ரெவெல்லாவும் உடன் ஆய்வாளரும் 1988இல் வெளியிட்ட ஒப்பீடு, கரைசலில் இரு உருண்டைகளும் படிகத்தில் இருப்பதைவிடச் சராசரியாக நெருங்கி இருக்கின்றன என்று காட்டியது. நடு ஹீலிக்ஸ் நேராக நிற்கவில்லை, வளைகிறது என்றால்தான் அது சாத்தியம். அடுத்த ஆண்டு, தசைச் சுருக்கத்தில் பங்கேற்கும் மையோசின் லைட் செயின் கைனேஸ் என்ற நொதியிலிருந்து கால்மோடுலின் பற்றிக்கொள்ளும் சிறு துண்டை மட்டும் எடுத்துச் சேர்த்துப் பார்த்தார்கள். சுழற்சி ஆரம், அதாவது மூலக்கூறு தன் மையத்திலிருந்து எவ்வளவு பரவியிருக்கிறது என்ற அளவு, சுமார் 2.1 நானோமீட்டரிலிருந்து ஏறத்தாழ 1.6 ஆக இறங்கியது. 148 அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தில் இது மிகப் பெரிய சுருக்கம். இரண்டு உருண்டைகளும் அந்தத் துண்டைச் சுற்றி மூடிக்கொண்டால் ஒழிய இப்படி நடக்காது. 1992இல் என்எம்ஆர் முறையும் படிகவியலும் தனித்தனியே அந்த மூடிய அமைப்பை அணு அணுவாகக் காட்டின.

இதில் சிதறல் தரவு ஒரு அணுவின் இடத்தைக்கூடச் சொல்லவில்லை. நேரான, விறைப்பான ஹீலிக்ஸ் கரைசலில் இல்லை என்பதையும், துண்டு சேர்ந்ததும் புரதம் சுருங்குகிறது என்பதையும்தான் சொன்னது. இந்த இரண்டும்தான் அப்போது தேவைப்பட்ட விடைகள். படிகத்தில் மூலக்கூறு தன் அண்டை மூலக்கூறுகளோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறது. அதன் நிலை அந்த நெருக்கத்துக்கு உட்பட்டது. வளையும் புரதம், இரு வடிவங்களுக்கிடையே ஊசலாடும் புரதம், உப்பின் அளவோ அமிலத்தன்மையோ மாறும்போது ஒன்றோடொன்று சேர்ந்தும் பிரிந்தும் நிற்கும் புரதம் என்றால் கரைசலில் ஒருமுறை அளக்காமல் முடிவுக்கு வர வேண்டாம்.

பஃபர், பஃபர் என்று எல்லோரும் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள்?

பஃபர் என்பது புரதம் கரைந்திருக்கும் பின்னணி நீர்க்கரைசல். புரதம் எவ்வளவு சிதறடிக்கிறது என்று எண்ணில் பார்த்துவிட்டால் இந்தக் கேள்வி எழாது.

எக்ஸ்-கதிர் காண்பது எலக்ட்ரான் அடர்த்தியின் வேறுபாட்டை மட்டுமே. ஒரு கன நானோமீட்டர் தண்ணீரில் சுமார் 334 எலக்ட்ரான்கள். அதே அளவு புரதத்தில் ஏறத்தாழ 430. நமக்குப் பயன்படுவது இடையிலுள்ள அந்த ஏறத்தாழ நூறு மட்டும். 20 டிகிரி செல்சியஸில் வெறும் தண்ணீரின் சிதறல், கருவியைச் சாராத தனி அளவுகோலில், சென்டிமீட்டருக்கு 0.0163. மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் லைசோசைம் கரைசலில் புரதம் தரும் சிதறல், அது உச்சமாக இருக்கும் சுழிக்கோணத்தில்கூட, சுமார் 0.01தான். அதாவது புரதத்தின் குரல் உரத்து ஒலிக்கும் இடத்திலேயே தண்ணீர் அதைவிட உரக்கப் பேசுகிறது. கோணம் கூடக் கூடப் புரதத்தின் பங்கு நூற்றில் ஒன்று, இரண்டு என்று இறங்கிவிடும்.

ஆக, நாம் பார்ப்பது இரண்டு பெரிய எண்களின் சிறிய வித்தியாசம். கரைசலின் சிதறலிலிருந்து பஃபரின் சிதறலைக் கழிக்கிறோம். இரண்டுக்குமிடையே உப்போ கிளிசராலோ சற்று மாறினாலும், கழித்தபின் கிடைப்பது புரதத்தின் வளைகோடு அல்ல. 'அதே செய்முறைப்படி புதிதாகக் கலக்கிக் கொண்டுவந்தேன்' என்பது போதாது. டயாலிசிஸ் செய்த பாத்திரத்தில் வெளியே மிஞ்சிய பஃபரையோ, மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல் ஃபில்ட்ரேஷன் குழாயிலிருந்து புரதம் வருவதற்கு முன்போ பின்போ வழிந்த பஃபரையோ எடுத்து வையுங்கள். அதே குழாய், அதே வெப்பநிலை, அதே நேர அளவு. பஃபரை மாதிரிக்கு முன்னும் பின்னும் இருமுறை அளப்பது எல்லா நல்ல பீம்லைன்களிலும், அதாவது எக்ஸ்-கதிர் அளவீட்டு நிலையங்களிலும், வழக்கம்; இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படியாவிட்டால் குழாயில் அழுக்கு ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

மாதிரியில் கொஞ்சம் திரட்சி இருந்தால் பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. ஒரு மூலக்கூறின் சிதறல் அதன் நிறையின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. கரைசலில் உள்ள புரதத்தின் எடையில் நூற்றில் ஒரு பங்கு மட்டும், நூறு நூறாகச் சேர்ந்த கட்டிகளாக இருக்கிறது என்று கொள்வோம். மீதி 99 பங்கு தனித்தனி மூலக்கூறுகள் தரும் அளவுக்கு ஏறத்தாழச் சமமான சிதறலை அந்த ஒரு பங்கே சுழிக்கோணத்தில் தந்துவிடும். அளந்த எண் இரட்டிப்பாகிவிடும். புரதங்களைக் குலைத்து எடைவாரியாகப் பிரிக்கும் எஸ்டிஎஸ் ஜெல்லில் இந்தக் கட்டிகள் கண்ணில் படாது. அங்கே எல்லாமே பிரிந்து ஒரே பட்டையாக ஓடியிருக்கும்.

எனவே அளப்பதற்குச் சற்று முன் சென்ட்ரிஃபியூஜில் நன்றாகச் சுற்றி, மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். இன்னும் நல்லது, ஜெல் ஃபில்ட்ரேஷன் குழாயின் வாயை நேரே கேபிலரியோடு இணைத்து, புரதம் வெளிவர வெளிவர அளப்பது. எலக்ட்ரான்களை வளையத்தில் ஓட்டிப் பலமான எக்ஸ்-கதிர் தரும் பெரிய சிங்க்ரோட்ரான்களில் இப்போது இதுதான் முதல் தெரிவு. கட்டிகள் முதலிலேயே வெளியேறிவிடுகின்றன. பஃபரும் அதே ஓட்டத்திலிருந்து கிடைப்பதால் முந்தைய கேள்வியின் சிக்கலும் பெரும்பகுதி தீர்கிறது. குழாயில் புரதம் நீர்த்துப்போகும் என்பதால் தொடக்கத்தில் செறிவு அதிகம் வேண்டும், அவ்வளவுதான்.

எவ்வளவு புரதம் கொண்டுபோக வேண்டும்?

குழாய் இணைக்காத சாதாரண அளவீட்டுக்கு, மில்லிலிட்டருக்கு 1 முதல் 10 மில்லிகிராம் வரை மூன்று நான்கு செறிவுகள், ஒவ்வொன்றிலும் 30 முதல் 50 மைக்ரோலிட்டர். சிறிய புரதமானால் செறிவு அதிகம் வேண்டும். பெரியதானால் குறைவே போதும்.

பல செறிவுகள் கேட்பதற்குக் காரணம் உண்டு. மூலக்கூறுகள் ஒன்றையொன்று விலக்கினாலோ ஈர்த்தாலோ, சிறு கோணங்களில் வளைகோடு வளைந்துவிடும். லைசோசைமையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மின்னேற்றம் சமனாகும் புள்ளி ஏறத்தாழ பிஎச் 11. பிஎச் 4.5 பஃபரில், உப்புச் சேர்க்காமல் கரைத்தால், நேர்மின்னேற்றம் கொண்ட மூலக்கூறுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். செறிவு ஏற ஏறச் சிறு கோணச் சிதறல் எதிர்பார்த்ததைவிடக் குறையும், புரதம் சுருங்கிவிட்டதுபோல் தோன்றும். உப்பைச் சேர்த்தால் அந்தத் தள்ளல் மறையும். எல்லாச் செறிவுகளிலும் அளந்து சுழிச் செறிவுக்கு நீட்டிப் பார்த்தால்தான் தனி மூலக்கூறின் உண்மை நிலை தெரியும்.

கினியே வரைபடம் என்கிறார்களே, அதில் என்ன பார்க்க வேண்டும்?

பிரெஞ்சு இயற்பியலாளர் ஆந்த்ரே கினியே 1930களின் இறுதியில் கண்டது: போதுமான அளவு சிறிய கோணங்களில், சிதறல் செறிவின் இயல் மடக்கையை 'க்யூ'வின் வர்க்கத்துக்கு எதிரே வரைந்தால் நேர்கோடு வரும். அதன் சரிவிலிருந்து சுழற்சி ஆரம் கிடைக்கும். சரிவின் மதிப்பு, ஆரத்தின் வர்க்கத்தில் மூன்றில் ஒரு பங்கு. கோட்டை இடப்புறம் சுழிக்கு நீட்டினால் சுழிக்கோணச் சிதறல் செறிவு கிடைக்கும். சுழற்சி ஆரம் என்பது மூலக்கூறின் நிறை அதன் மையத்திலிருந்து சராசரியாக எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைச் சொல்லும் அளவு.

உருண்டையான புரதங்களுக்கு, 'க்யூ'வையும் சுழற்சி ஆரத்தையும் பெருக்கினால் 1.3ஐத் தாண்டாத பகுதியில் மட்டுமே இந்த விதி செல்லும். ஆரம் 1.45 நானோமீட்டர் என்றால் 'க்யூ' 0.9 வரை போகலாம். ஆரம் 5 என்றால் 0.26க்குள் நின்றுவிட வேண்டும். பெரிய மூலக்கூறுக்கு மிகச் சிறு கோணங்களில் தரவு இல்லாவிட்டால், ஆரம் என்று நீங்கள் எழுதும் எண்ணுக்கு அடிப்படை கிடையாது.

ஆரத்தின் எண்ணைவிட நான் முதலில் பார்ப்பது கோட்டைச் சுற்றிய எச்சங்களை, அதாவது புள்ளிகள் கோட்டிலிருந்து விலகும் அளவுகளை. கோட்டின் இடது ஓரத்தில் புள்ளிகள் மேலே எழும்பினால் திரட்சி. கீழே குனிந்தால் விலக்கம். இடது ஓரப் புள்ளிகளை வசதிக்கேற்ப வெட்டிவிட்டு நேர்கோடு காட்டுவது எளிது. எத்தனை புள்ளிகளை, ஏன் விட்டீர்கள் என்று எழுதாமல் அதைச் செய்யக் கூடாது.

மூலக்கூறு எடையும் இதிலிருந்து தெரியுமா?

தெரியும். சுழிக்கோணச் சிதறல் செறிவு, கரைசலின் செறிவையும் மூலக்கூறு எடையையும் பெருக்கியதற்கு விகிதசமம். தண்ணீரின் சிதறலை வைத்து அளவுகோலைச் சரிசெய்தால் எடை நேரே கிடைக்கும். ஆனால் உங்கள் செறிவு அளவீட்டில் 10 விழுக்காடு பிழை இருந்தால் எடையிலும் அதே பிழை வரும். செறிவே தேவைப்படாத வழியும் உண்டு. ஆஸ்திரிய அறிவியலாளர் குந்தர் போரோட் பெயரால் வழங்கும் கன அளவைக் கன நானோமீட்டரில் கணக்கிட்டு 1.6ஆல் வகுத்தால் கிலோடால்டனில் தோராய எடை. தனி மூலக்கூறா (மோனோமர்) இரட்டையா (டைமர்) என்று பிரித்தறிய இது தாராளமாகப் போதும். அதற்கு மேல் துல்லியம் வேண்டுமானால் வேறு முறைக்குப் போங்கள்.

என் புரதம் மடிந்திருக்கிறதா, தளர்ந்து கிடக்கிறதா என்று அறிய முடியுமா?

சாக்ஸ் மிகவும் சிறந்து விளங்கும் இடம் இது. மடிந்த புரதம் இறுகச் சுற்றிய நூல்கண்டு. மடியாதது அதே நூல் பிரிந்து காற்றில் அலைவது. எடை ஒன்றே, பரவல் வேறு. மடிந்த லைசோசைமின் சுழற்சி ஆரம் 1.4 முதல் 1.5 நானோமீட்டர். அதே 129 அமினோ அமிலங்களை முழுவதும் குலைத்துவிட்டால் சுமார் 3.5. இரண்டையும் குழப்பிக்கொள்ள வழியே இல்லை.

கிராட்ஸ் நகரில் பணியாற்றிய ஓட்டோ க்ராட்கியின் பெயரிலுள்ள வரைபடம் இதைக் கண்ணாலேயே காட்டும். சிதறல் செறிவை 'க்யூ'வின் வர்க்கத்தால் பெருக்கி வரைகிறார்கள். இப்போதெல்லாம் சுழற்சி ஆரத்தையும் சுழிக்கோணச் சிதறல் செறிவையும் கொண்டு அலகில்லாததாக்கி வரைவதே வழக்கம். அப்போது சிறிய பெரிய புரதங்களை ஒரே படத்தில் வைத்து ஒப்பிடலாம். மடிந்த உருண்டைப் புரதம் 1.73 அருகே, ஏறத்தாழ 1.1 உயரத்தில் மணிபோன்ற உச்சம் காட்டிவிட்டு இறங்கும். தளர்ந்த புரதம் இறங்காது; ஏறி, அப்படியே மேடாக நிற்கும், அல்லது மெல்ல ஏறிக்கொண்டே போகும். பாதி மடிந்து, பாதி வாலாகத் தொங்கும் புரதங்கள் இரண்டுக்கும் இடையே வரும்.

நரம்புச் செல்களிலுள்ள டாவ் புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அல்சைமர் நோயில் கட்டிகளாகச் சேர்வது இதுதான். 441 அமினோ அமிலங்கள் கொண்ட அதன் நீண்ட வடிவத்துக்குக் கரைசலில் சுழற்சி ஆரம் சுமார் 6.5 நானோமீட்டர். அதே நீளத்தில் மடிந்த புரதமாக இருந்தால் இதில் பாதிகூட இருக்காது. இத்தகைய புரதத்துக்கு 'வடிவம்' என்று ஒன்று கிடையாது, வடிவங்களின் கூட்டம்தான் உண்டு. ஆயிரக்கணக்கான சாத்திய வடிவங்களைக் கணினியில் உருவாக்கி, எந்தக் கலவை அளந்த வளைகோட்டோடு ஒத்துப்போகிறது என்று தேடும் முறை 2007இல் வந்தது. ஒரே ஒரு படத்தை வரைந்து 'இதுதான் டாவ்' என்று காட்டுவதைவிட இது நேர்மையானது.

வளைகோட்டிலிருந்து முப்பரிமாணப் படம் கிடைக்கிறதே, அதை எவ்வளவு நம்பலாம்?

அளவோடு நம்புங்கள்.

முதலில், கோட்டைத் தலைகீழாகத் திருப்பி, மூலக்கூறுக்குள் எந்தெந்தத் தூரம் எத்தனை முறை வருகிறது என்ற பரவலைப் பெறலாம். கிராட்ஸில் ஓட்டோ கிளாட்டர் 1977இல் இதற்கு நம்பகமான வழியைத் தந்தார். பரவல் சுழியைத் தொடும் இடம் மூலக்கூறின் அதிகபட்ச நீளம். உருண்டையென்றால் மணி வடிவம், நீண்டதென்றால் வலப்புறம் இழுபடும் வால், தனித்த இரு பகுதிகளென்றால் இரண்டு மேடுகள். இவ்வளவும் உறுதியான செய்தி.

அதற்குமேல் போய், பாசிமணி போன்ற சிறு மணிகளை அடுக்கி, அடுக்கை மாற்றி மாற்றி, கணக்கிட்ட சிதறல் அளந்ததோடு ஒத்துப்போகும்வரை தேடும் முறை 1990களின் இறுதியில் பரவியது. ஹாம்பர்க்கில் ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தின் கிளையில் திமித்ரி ஸ்வெர்குன் குழு உருவாக்கிய மென்பொருள்கள் இதை உலகெங்கும் கொண்டுபோயின. கிடைக்கும் படம் கண்ணுக்கு அழகாக இருக்கும். சிக்கல் அங்கேதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அதிகபட்ச நீளம் 10 நானோமீட்டர், 'க்யூ' 3 வரை நல்ல தரவு. இரண்டையும் பெருக்கிப் பையால் வகுத்தால் ஒன்பது, பத்து. அந்த வளைகோட்டில் உள்ள சார்பற்ற தகவல்களின் எண்ணிக்கை அவ்வளவுதான். மணி மாதிரியிலோ ஆயிரக்கணக்கான மணிகள். மணிகள் சேர்ந்து, இறுக்கமாக இருக்க வேண்டும் போன்ற நிபந்தனைகள்தான் மீதியை நிரப்புகின்றன. ஒரே கோட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் பொருந்தும். வடிவமும் அதன் கண்ணாடிப் பிம்பமும் ஒரே கோட்டையே தரும். வளையும் புரதமானால், எல்லா நிலைகளையும் கலந்து எங்குமே இல்லாத ஒரு வடிவத்தை மென்பொருள் வரைந்து கொடுக்கும்.

அதனால் பத்து இருபது முறை தனித்தனியே ஓட்டி, விடைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்க வேண்டும். சராசரிப் படத்தோடு, விடைகளுக்கிடையே உள்ள வேறுபாட்டின் அளவையும் சேர்த்து வெளியிட வேண்டும். மணிப் படத்தின் மூலையில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு மேட்டுக்கு உயிரியல் விளக்கம் எழுதுவதை ஏற்கவே முடியாது.

ஆல்ஃபாஃபோல்டு வந்துவிட்டதே, இனி சாக்ஸ் தேவையா?

ஆல்ஃபாஃபோல்டு என்பது அமினோ அமில வரிசையிலிருந்து புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் மென்பொருள். அது வந்தபின், முன்பைவிட இப்போது சாக்ஸ் அதிகம் தேவை என்பேன். முதலில் சொன்ன மறுக்கும் வல்லமை இங்கேதான் முழுமையாகப் பயன்படுகிறது. ஒவ்வோர் அணுவின் இடத்தையும் காட்டும் மாதிரி வடிவம் ஒன்று கையிலிருந்தால், அதன் சிதறல் எப்படியிருக்கும் என்று கணக்கிட முடியும். 1995இல் வெளிவந்த கிரைசால் என்ற மென்பொருள் புரதத்தைச் சுற்றி 0.3 நானோமீட்டர் தடிப்புள்ள, சாதாரணத் தண்ணீரைவிடச் சற்று அடர்த்தியான நீர்ப்போர்வையையும் சேர்த்துக் கணக்கிடும். அந்தப் போர்வை உண்மையிலேயே அடர்த்தியானதுதான் என்பதை 1998இல் எக்ஸ்-கதிரையும் நியூட்ரானையும் சேர்த்து அளந்து காட்டினார்கள்.

கணித்த மாதிரியின் கோடும் அளந்த கோடும் பிழை எல்லைக்குள் ஒத்துப்போனால், மாதிரி இன்னும் மறுக்கப்படவில்லை என்று எழுதலாம். ஒத்துப்போகாவிட்டால் மாதிரியில் ஏதோ தவறு, அல்லது கரைசலில் அந்தப் புரதம் வேறு நிலையில் இருக்கிறது. தனித்தனிப் பகுதிகளை நன்றாகக் கணிக்கும் மென்பொருள், அந்தப் பகுதிகள் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில், எவ்வளவு தளர்வாக நிற்கின்றன என்பதில் பல நேரம் தடுமாறுகிறது. சாக்ஸ் மிகக் கூர்மையாக உணர்வதும் அதைத்தான்.

எக்ஸ்-கதிர் புரதத்தைக் கெடுக்காதா?

கெடுக்கும். கதிர் நீரைப் பிளந்து ஹைட்ராக்சில் தனியுறுப்புகளை உண்டாக்குகிறது. அவை புரதத்தைத் தாக்க, புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சுழற்சி ஆரம் ஒவ்வொரு படத்துக்கும் ஏறிக்கொண்டே போவது இதன் அடையாளம். கரைசலைக் கேபிலரியில் ஓடவிட்டபடி, ஒரு நொடியின் சிறு பகுதிகளாகப் பல படங்கள் எடுத்து, மாறாதவற்றை மட்டும் சராசரி எடுப்பார்கள். கிளிசரால் சில விழுக்காடு சேர்ப்பதும் உதவும். அதே அளவு பஃபரிலும் இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

சவ்வுப் புரதங்களுக்குப் பயன்படுமா?

கடினம். இவற்றைக் கரைக்கச் சேர்க்கும் டிடர்ஜென்ட், மைசெல்கள் எனப்படும் சிறு திரள்களாகிறது; அவையும் சேர்ந்து சிதறடிக்கும். புரதத்தைச் சுற்றியுள்ள மைசெல்லும், காலியாக மிதக்கும் மைசெல்லும் வேறு வேறு என்பதால் பஃபரைக் கழித்தாலும் தீராது. இங்கே நியூட்ரான் கைகொடுக்கும்.

நியூட்ரான் சிதறலில் என்ன கூடுதல்?

நியூட்ரானுக்குச் சாதாரண ஹைட்ரஜனும், கன ஹைட்ரஜனான டியூட்டீரியமும் முற்றிலும் வேறாகத் தெரியும். கரைசலில் கனநீரின் பங்கைச் சுமார் 40 விழுக்காட்டில் வைத்தால் புரதம் பின்னணியோடு கலந்து மறைந்துவிடும். 65 முதல் 70 விழுக்காட்டில் ஆர்என்ஏவும் டிஎன்ஏவும் மறையும். இரண்டும் சேர்ந்த கூட்டமைப்பில் ஒன்றை மறைத்து மற்றதை மட்டும் அளக்கலாம். இப்படித்தான், செல்லில் புரதங்களை உருவாக்கும் பாக்டீரியா ரைபோசோமின் சிறிய துணையலகில் உள்ள 21 புரதங்களின் இடங்களையும், இரண்டிரண்டாக டியூட்டீரியம் ஏற்றி, அவற்றுக்கிடையே உள்ள தூரங்களை அளந்து, பீட்டர் மூரும் டொனால்ட் எங்கல்மனும் குழுவினரோடு 1987இல் வரைந்து முடித்தார்கள். ரைபோசோமின் படிக அமைப்பு கிடைப்பதற்கு ஏறத்தாழ 13 ஆண்டுகளுக்கு முன்பே. பல ஆண்டு உழைப்பு அது. பொறுமைக்கு அதைவிடப் பெரிய எடுத்துக்காட்டை இந்தத் துறையில் நான் அறியேன்.

எங்கே போய் அளப்பது?

செம்புக் குழாயோடு வரும் ஆய்வகக் கருவியிலேயே முடியும், 0.154 நானோமீட்டர் அலைநீளம், ஒரு மாதிரிக்குப் பல நிமிடங்கள் முதல் சில மணி நேரம். புரதம் கெடாமல் தாங்குமானால் பெரும்பாலான கேள்விகளுக்கு இதுவே போதும். சிங்க்ரோட்ரானில் நொடிகளில் முடிந்துவிடும். ஹாம்பர்க்கின் பீட்ரா-3 வளையத்தில் பி12, பிரான்சின் கிரெனோபிளில் பிஎம்29, இங்கிலாந்தின் டயமண்டில் பி21, கலிபோர்னியாவில் பெர்க்லியின் சிபில்ஸ் ஆகியவை உயிர்மூலக்கூறுக் கரைசல்களுக்காக அமைந்த பீம்லைன்கள். கல்வி நிறுவன ஆய்வாளர்கள் திட்ட முன்மொழிவு எழுதி விண்ணப்பிக்கலாம். தேர்வானால் கதிர் நேரத்துக்குப் பொதுவாகக் கட்டணமில்லை. இந்தியாவில் இந்தூரின் ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தில் 2.5 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள இண்டஸ்-2 வளையம் இருக்கிறது. சண்டிகரின் நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனத்திலிருந்தும் ஆய்வகக் கருவி கொண்டு செய்த புரதச் சிதறல் ஆய்வுகள் வந்திருக்கின்றன.

நேரம் கிடைப்பதற்கு முன் எப்படிப் பழகுவது?

சிறுகோணச் சிதறல் தரவுகளுக்கென்று ஹாம்பர்க்கில் ஒரு திறந்த தரவு வங்கி இயங்குகிறது. லைசோசைம், மாட்டு சீரம் ஆல்புமின், குளுக்கோஸ் ஐசோமரேஸ் போன்ற அறிந்த புரதங்களின் வளைகோடுகளை அங்கிருந்து யாரும் இறக்கிக்கொள்ளலாம். இத்தகைய தரவை அலச உதவும் ஆட்சாஸ் மென்பொருள் தொகுப்பு கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம்.

குளுக்கோஸ் ஐசோமரேஸிலிருந்து தொடங்குங்கள். நான்கு துணையலகுகள் சேர்ந்த, 173 கிலோடால்டன் எடையுள்ள, உறுதியான புரதம். சுழற்சி ஆரம் 3.2 முதல் 3.3 நானோமீட்டருக்குள் வர வேண்டும். கினியே பகுதியை நீங்களே தேர்ந்தெடுத்து ஆரத்தைக் கணக்கிடுங்கள். பிறகு ஒரு துணையலகின் அணு அமைப்பை மட்டும் கிரைசாலில் கொடுத்துப் பொருத்திப் பாருங்கள், பொருந்தாது. இரண்டைக் கொடுங்கள், அப்போதும் பொருந்தாது. நான்கையும் கொடுத்தால் கோடு புள்ளிகள்மேல் வந்து உட்காரும். அடுத்து, டிமேக்ஸ் எனப்படும் அதிகபட்ச நீளத்தை வேண்டுமென்றே 7 என்றும் 15 என்றும் வைத்துத் தூரப் பரவல் எப்படிச் சிதைகிறது என்று பாருங்கள். உண்மை மதிப்பு 10க்கு அருகில் இருக்கிறது. இந்தப் பயிற்சிக்கு ஒரு பிற்பகல் போதும், பீம்லைனில் திரையைப் பார்த்து அங்கேயே முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் அது உதவும்.